பொறுக்கிப் போட்ட டயோடு

ஜோதிமணி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். மத்தூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் கடலைக்காய் பறித்த குடும்பம், ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்தவள். இரும்புச் சாமான்கள் மேல் பெயிண்ட் பொடி தூவும் பவுடர் கோட்டிங் துப்பாக்கிகளுக்கு உயர் வோல்ட் மின்சாரம் தரும் பெட்டிகள் செய்கிற சின்ன கம்பெனியில் வேலை. பல வருஷம் அசெம்பிளி லைனில் நின்று, போன தீபாவளிக்குப் பிறகுதான் ரிப்பேர் மேஜையைப் பிடித்தாள். சும்மா கிடைத்துவிடுமா? சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணனுக்குக் காது புளித்துப்போகும்வரை கேட்டு வாங்கிய மேஜை.

அந்த மேஜைக்குத்தான் இப்போது ஆபத்து. சுஜாதா என்பவரின் கோட்டிங் ஷெட்டிலிருந்து ஒரே பெட்டி மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

“இன்னொரு வாட்டி இது வந்துச்சுன்னா நீ லைனுக்கே போயிடும்மா,” என்றார் சென்னகிருஷ்ணன். “சால்டரிங் சரியில்ல, வேறென்ன?”

சால்டரிங் சரியில்லையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைத் திறந்தாள். உள்ளே, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் எட்டு டயோடுகள் ஒன்றோடொன்று கோத்து வரிசையாக இருந்தன. தனி டயோடால் தாங்க முடியாத தலைகீழ் வோல்ட்டை எட்டும் பங்கு போட்டுத் தாங்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. கருகியிருந்தது ஒன்றே ஒன்று. போன முறை அவளே மாற்றிய புதுசு. அதற்கு முந்தின முறையும் புதுசுதான் போனது. பழைய ஏழும் குத்துக்கல்லாட்டம் இருந்தன.

ரிப்பேர் மேஜையில் ஒரு பழக்கம் உண்டு. புது டயோடு வந்ததும் ஒவ்வொன்றையும் சோதித்து, தலைகீழாக மின்சாரம் கொஞ்சமும் கசியாததைப் பொறுக்கி டிபன் பாக்ஸ் மூடியில் தனியாக வைப்பார்கள். ரிப்பேருக்கு வரும் பெட்டிக்கு அதிலிருந்துதான் எடுப்பார்கள், கஸ்டமருக்கு நல்லதாகப் போகட்டுமே என்று. ஜோதிமணி மற்றவர்களைவிடக் கறாராகப் பொறுக்குவாள்.

அன்று சாப்பாட்டு மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. மூடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கருகியதன் இடத்தில் பற்றவைத்தாள். எதுவும் கருகாத அளவுக்குக் குறைந்த வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுத்து, ஒவ்வொரு டயோடின் மேலும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். பழைய ஏழும் ஆளுக்குக் கொஞ்சம் தாங்கின. மொத்தத்தில் பாதிக்கு மேல் அந்தப் புதுசின் தலையில்!

அடக் கடவுளே! வரிசையில் ஓடும் கசிவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சுலபமாகக் கசியும் பழசுக்கு அதைக் கடத்தக் கொஞ்சம் வோல்ட் போதும். கசிய மறுக்கும் புதுசு மிச்சத்தையெல்லாம் தானே வாங்கிக்கொள்கிறது. நல்லதைத் தேடித் தேடிப் போட்டு, அந்த நல்லதையே அவள் எரித்திருக்கிறாள்.

எட்டு டயோடில் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரே அளவு ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டினாள். கசிவைவிட அதிக மின்சாரம் இப்போது ரெசிஸ்டர்கள் வழியே ஓடியது. பங்கீட்டை அவை பார்த்துக்கொண்டன. மீட்டர் எட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியது. முழு வோல்ட்டில் சாயங்காலம்வரை ஓட்டினாள். பெட்டி அசைந்து கொடுக்கவில்லை.

மேஜை தப்பித்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. இதேபோல அவள் டயோடு பொறுக்கிப் போட்ட பெட்டிகள் இன்னும் சில வெளியே ஓடிக்கொண்டிருந்தன. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நேராகச் சென்னகிருஷ்ணன் முன்னால் போய் நின்றாள்.

“சார், சுஜாதாக்கா பெட்டி சரியாயிடுச்சு. தப்பு சால்டரிங்ல இல்ல, நான் பொறுக்கிப் போட்ட டயோடுல. பாகலூர், பேரிகை, சூளகிரின்னு போன பெட்டியும் இப்படித்தான் கருகும். எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “அய்யோ தேவுடா! நாமளே போயி நம்ம பேர கெடுத்துக்கணுமா? பேசாம இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம் சார். தூக்கம் வராது.”

“ரிப்பேர் மேஜ வேணாமா உனக்கு?”

“வேணும் சார்.” அவள் நகரவில்லை. “லைனுக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க. அந்தப் பெட்டியெல்லாம் சரி பண்ணிட்டுத்தான் போவேன்.”

சென்னகிருஷ்ணன் அவளை முறைத்தார். பிறகு வாசலைப் பார்த்து வேன் டிரைவருக்குக் குரல் கொடுத்தார். “சுபாஷு, வண்டிய எடுப்பா. மொதல்ல பாகலூரு.”

ஜோதிமணி அங்கேயே நின்றாள்.

“இன்னும் என்னாத்துக்கும்மா நிக்கற? எந்தெந்தப் பெட்டின்னு எனக்கா தெரியும்? மீட்டர எடுத்துட்டு வண்டியில ஏறு. உம் மேஜைய யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க.”