வெண்டிக்காய்ப் பெட்டியும் என் வேட்புமனுவும்

சகோதரங்களே, நான் பெற்ற ஒரு நன்மைக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஓகஸ்ட் மாதம். எங்கள் ஸ்காபரோத் தொகுதியில் மாகாண சட்டசபைக்கு இடைத்தேர்தல். நான் வேட்பாளர். பிற்பகல் இரண்டு மணிக்குள் கொடுக்கவேண்டிய வேட்புமனுவைக் காலை எட்டு மணிக்குத் தேடுகிறேன், காணவில்லை!

நான் மன்னாரில் நெல் விதைத்தவன். அகதியாக இங்கே வந்து, விட்பி நகருக்கு அப்பால் குத்தகைக் காணியில் வெண்டியும் கத்தரியும் போட்டு, டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களின் வாசலில் என் வான் வண்டியை நிறுத்தி விற்றவன். இந்தக் குளிர் நாட்டில் வெண்டியா என்று சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்றார்கள். காய் வாங்க வந்தவர்கள் வீட்டுப் பிரச்சினை, பள்ளிக்கூடப் பிரச்சினை எல்லாம் என்னிடம் கொட்டுவார்கள். நானும் வாய் சும்மா இராமல் அவர்களுக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவேன். அந்த வாய்தான் என்னைத் தேர்தலில் கொண்டுபோய் விட்டது.

மனுவுக்குத் தொகுதி வாக்காளர்களின் கையொப்பம் வேண்டும். வானடிக்கு வந்தவர்களிடமே வாங்கினேன். காகிதம் கசங்கக்கூடாதென்று ஒரு வெறும் பெட்டியின் அடியில் விரித்து வைத்தேன். வைத்ததை மறந்து, அதன்மேல் வெண்டிக்காயை நிரப்பி, பெட்டியோடு விற்றும்விட்டேன். யாருக்கு விற்றேன்? நினைவே இல்லை. என் மனைவி ரீற்றா ஒன்றுமே பேசவில்லை. அவள் பேசாவிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

பத்து மணிக்கு டோர்செட் பார்க்கில் வானை நிறுத்தினேன். அத்தனை மாடிகளில் எந்தக் கதவைத் தட்டுவது? வானுக்குள்ளேயே வெறும் பெட்டிகளுக்கு நடுவில் முழந்தாளிட்டு, தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற புனித அந்தோனியாரிடம் அழுதேன்.

“அந்தோனியாரே, தேர்தல் தேர்தலெண்டு உம்மடை செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு வராமல் விட்டது பிழைதான். அதுக்காக உப்பிடிச் செய்யலாமே? அந்தப் பேப்பரை மட்டும் கண்டுபிடிச்சுத் தாரும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினால், எதிரே பரமேஸ்வரி அன்ரி! யாழ்ப்பாணத்தவர், திருநீறு பூசாமல் வெளியே வராதவர். அந்தக் கட்டடத்தில் யாருக்குக் குடியுரிமை கிடைத்தாலும் முதல் கேசரி அவர் வீட்டுக்குத்தான் போகும். அவர் கையில் என் மனு.

“தம்பி, நேற்று வெண்டிக்காய்க்குக் கீழை உது கிடந்தது. கையெழுத்து வைச்சதுகளிலை பாதி இன்னும் சிட்டிசன் எடுக்காததுகள். அது செல்லாதெல்லோ? பின்னேரம் எல்லாரும் வேலையாலை வந்தாப் பிறகு, சிட்டிசன் எடுத்த ஆக்களாப் பாத்து, மாடி மாடியாப் போய் வைப்பிச்சனான்.”

மனுவை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். மனு தொலையாமல் இருந்திருந்தால் அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். தேர்தல் அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு மணிக்கு மனுவை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் வென்றேன். மன்னார்க் கமக்காரன் சட்டசபையில்! ரீற்றா அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சிரித்தாள்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைப் பூசையை நான் விடுவதில்லை. சனிக்கிழமைகளில், அன்று செல்லாத கையொப்பம் வைத்தவர்களோடு இருந்து குடியுரிமைப் படிவம் நிரப்பத் தொடங்கினேன். அடுத்த வருடமே அவர்களில் ஒருவர் கேசரியோடு வந்து என் கையைப் பிடித்தார்.

“அண்ணை, இனி என்ர கையெழுத்துச் செல்லும்.”

நீங்களும் எதையாவது தொலைத்துவிட்டுக் கலங்கி நிற்கிறீர்களா? கேளுங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள். என் மனு தொலையவே இல்லை, சகோதரங்களே. பிழை திருத்தித் தருவதற்காக அந்தோனியார் அதை வாங்கி வைத்திருந்தார்.