பதினான்காம் இடத்தில் இருந்த ஆஸ்பத்திரி

விட்ஸ்கெ எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலில் வந்தது ஒரு செப்டம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் வட கோடியிலிருந்து பஸ், ரயில் என்று மாறி மூன்றரை மணி நேரப் பயணம். கையில் துணியில் சுற்றிய சர்க்கரை ரொட்டி.

வெளிநாட்டு உதவி நிதியை வெட்ட வேண்டாம் என்று ஹேக் நகரத்திலுள்ள நாடாளுமன்றத்தின் எம்.பி.க்களிடம் எடுத்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. நாங்கள் ஐந்து பேர். அந்த வருஷம் அரசாங்கம் வெட்டவிருந்த திட்டங்களில் மலாவியில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டமும் ஒன்று. இருபத்தொரு ஆஸ்பத்திரிகள் அதை நம்பி இருந்தன.

"அதுல ஒரு ஆஸ்பத்திரியில நான் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஏதாவது செய்யணும். என்ன செய்யட்டும்?" என்றார்.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. முப்பத்திரண்டு வயதில் மலாவி ஏரிக்கரையிலுள்ள அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் பிரசவம் பார்க்கப் போனவர். எஸ்நாத் என்ற நர்ஸும் அவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே சட்டியில் மக்காச்சோளக் களி கிண்டி, ஏரி மீனோடு சாப்பிட்டார்கள். ஒரு நாள் ஊரிலிருந்து தந்தி. அப்பாவுக்குப் பக்கவாதம், உடனே வா என்று. ஆறு மாதத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தன் நல்ல செருப்பைக்கூட எஸ்நாத்தின் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அப்பா படுக்கையில் ஒன்பது வருஷம் கிடந்தார். அதற்குள் விட்ஸ்கெ ஃப்ரீஸ்லாந்து ஊர்களில் வீடு வீடாகப் பிரசவம் பார்க்கத் தொடங்கிவிட்டார். இரண்டு முறை விமான டிக்கெட் வாங்கினார்; இரண்டு முறையும் ரத்து செய்தார். பிறகு நுரையீரலில் ரத்தக் கட்டி வந்தது. நீண்ட விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. செவ்வாய்தோறும் வருவார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சொல்வார். சொல்லும்போது ஜன்னலைப் பார்ப்பார்.

வெட்டை நிறுத்தும் திருத்தத்துக்கு எழுபத்தாறு வாக்குகள் வேண்டும். எங்களிடம் எழுபத்துநான்கு இருந்தன. பாக்கி இருந்தது வடக்கு மாகாணங்களின் ஒரு சின்னக் கட்சி, நான்கு எம்.பி.க்கள். அதன் தலைவர் ஹெட்டிங்கா முன்னாள் மாட்டு டாக்டர். எங்கள் நிபுணர்கள் இரண்டு பேர் வரைபடங்களோடு போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார்கள். அதனால் விட்ஸ்கெயை அழைத்துக்கொண்டு நான் போனேன்.

"இருபது நிமிஷம்தான் தருவார். முதல்லயே விஷயத்துக்கு வந்துடுங்க" என்று வழியெல்லாம் பாடம் எடுத்தேன்.

ஹெட்டிங்கா பெரிய உருவம். எங்களை உட்காரச் சொல்லிக் காபி ஊற்றினார். ஆனால் விட்ஸ்கெ வாயைத் திறக்கும் முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"மேடம், நம்ம பக்கத்துல பிரசவ வார்டை மூடிட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும். மூடின மறுவாரம் கார் பின்சீட்டுல ஒரு பொண்ணுக்குப் பிரசவம் பார்த்தவ நான்தான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. உன் வார்டை நடத்த வழியில்ல, ஆனா ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் பணம் இருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

விட்ஸ்கெ காபிக் கோப்பையைக் கையில் எடுத்தார். நான் மேசைக்கடியில் என் காலால் அவர் காலைத் தொட்டேன்.

"நீங்க சொல்ல வேணாம். நான் போய் அவகிட்டயே கேட்டுட்டு வரேன்" என்றார். காபியைக் குடித்து முடித்து எழுந்துவிட்டார். எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். "ஒரு வார்த்தை சொல்லலையே விட்ஸ்கெ. இனிமே அவரைப் பார்க்க நேரம் கிடைக்குமான்னே தெரியல."

"அவர் கேட்டது நியாயமான கேள்வி, ரூலீன். பதில் தெரியாம எதுக்கு அங்க உட்கார்ந்திருக்கணும்?"

சொன்னபடியே கேட்கப் போனார். அக்டோபர் மழையில் சைக்கிளில், தன் கையால் பிரசவம் பார்த்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாக. முதலில் அந்தக் கார் பின்சீட்டுப் பெண். அவள் கொடுத்த கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது: "எனக்காவது ஒரு காரும் விட்ஸ்கெயும் இருந்தாங்க. அது ரெண்டும் இல்லாதவங்களுக்குக் கொடுத்தா நான் சண்டைக்கு வர மாட்டேன்."

மூன்று வாரத்தில் நாற்பத்துமூன்று கடிதங்கள். எல்லாம் ஹெட்டிங்காவின் வாக்காளர்கள் எழுதியவை. நவம்பரில் விட்ஸ்கெ அவற்றைக் கொண்டுபோய் ஹெட்டிங்காவின் மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தார். நடுவில் ஒரு கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல வேண்டாம்னு எழுதியிருக்கே."

"என் பக்கத்து வீட்டுக்காரர். அதையும் சேர்த்துக் கொண்டுபோன்னார். கொண்டுவந்துட்டேன்."

"மாடு வச்சிருக்கவரா?"

"எண்பது மாடு. வாய் மட்டும் எறநூறு மாட்டுக்குச் சமம்."

ஹெட்டிங்கா சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என் கட்சியில நாலு பேர். ரெண்டு பேர் இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க. திட்டத்தை முழுசா என்னால கட்சிக்குள்ள கொண்டுபோக முடியாது. பாதி ஆஸ்பத்திரிகள்னா பேசிப் பார்க்கிறேன்."

அவர் பேசினார். அந்த நான்கு வாக்கும் கிடைக்கும் என்று வியாழக்கிழமை தகவல் வந்தது. இருபத்தொன்றில் எந்தப் பதினோரு ஆஸ்பத்திரிகள் என்று நாங்கள்தான் பட்டியல் கொடுக்க வேண்டும். எங்கே பிரசவங்கள் அதிகமோ அங்கிருந்து தொடங்கி வரிசைப்படுத்தினேன். ஏரிக்கரை ஆஸ்பத்திரி பதினான்காம் இடத்தில் இருந்தது.

அடுத்த செவ்வாய் விட்ஸ்கெ வந்ததும் பட்டியலைக் கொடுத்தேன். விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார். பதினொன்றைத் தாண்டி, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. விரல் அங்கே நின்றது.

எனக்குத் தாங்கவில்லை. "விட்ஸ்கெ, உங்க ஊரைப் பதினொண்ணாவதா போட்டுடறேன். யாரும் கேட்கப் போறதில்ல. இது நீங்க ஜெயிச்சுக் கொடுத்தது."

"இப்ப பதினொண்ணுல இருக்கிறது எந்த ஊரு?"

"தெற்குல ஏதோ ஒரு ஊர். பேரை எப்படிச் சொல்றதுன்னுகூட எனக்குத் தெரியல."

"அங்க எத்தனை பிரசவம்?"

"உங்க ஆஸ்பத்திரியை விட ரெண்டு மடங்கு."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே டிராம் போனது. இன்னொன்று போனது. நான் என் மேசையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"அப்படியே அனுப்பிடு" என்றார், திரும்பாமலே.

வாக்கெடுப்பு டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தது. பார்வையாளர் மாடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சபாநாயகர் திருத்தத்தின் எண்ணை வாசித்தார். கட்சி கட்சியாகக் கைகள் உயர்ந்தன. ஹெட்டிங்காவின் பெரிய கையும் உயர்ந்தது. "ஏற்கப்பட்டது" என்றார் சபாநாயகர், அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் விட்ஸ்கெயின் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எஸ்நாத்துக்குப் போன் செய்தார். மலாவியின் சிச்சேவா மொழியில் பேச்சு. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவர் குரல் அப்படியே மாறிவிட்டது. என்னிடம் பேசுகிற நிதானமான குரல் இல்லை. முப்பது வயதுப் பெண்ணின் வேகமான, கொஞ்சம் செல்லமான குரல். ஒரு இடத்தில் சிரித்தார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எத்தனை ஊர் தப்பிச்சுதுன்னு கேட்டா. பதினொண்ணுன்னேன். அப்புறம் ஏன் அழுவுறேன்னு திட்டினா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கடைசியில எப்ப வரேன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"மழை நின்னதும் வரேன்னேன். இருபத்தெட்டு வருஷமா அதைத்தான் சொல்றேன். அவளும் சரின்னுதான் சொல்றா."

மார்ச்சில் ஏரிக்கரையில் பயிற்சி நின்றது. எஸ்நாத் வேலையை விட்டுவிட்டு, தலைநகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஏரி தெரியாது. இதைச் சொன்னபோது விட்ஸ்கெ தன் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இனிமே டாக்டரே போகலாம்னு சொன்னாலும் நான் நினைக்கிற இடத்துக்குப் போக முடியாது. அந்த வீட்டுல இப்ப வேற யாரோ இருக்காங்களாம். நினைச்சா அடுப்பு வாசனைகூட வருது. ஆனா அங்க யாரும் இல்ல."

நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பரில் புது பட்ஜெட் வந்தது, அந்தப் பதினொன்றையும் வெட்டச் சொல்லி. இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நனைந்த கோட்டோடு வாசலில் நின்றார்.

"அந்தத் தெற்குப் பக்கத்து ஊரோட பேரை எஸ்நாத்கிட்ட கேட்டு எழுதி வச்சிருக்கேன்" என்றார். "ஹெட்டிங்காவைப் பார்க்கும்போது தப்பா உச்சரிக்காதே."