“ஆமாங்க” என்று பழகிய வாய்

பதினான்கு வருடங்களுக்கு முன் நீதிமன்றக் கூண்டில் நின்று நான் ஒரேயொரு வார்த்தை பேசினேன். அந்த வார்த்தையால், தோட்டத்தார் தந்த வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் குடியிருந்த வீடு எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தது. அதை மறைத்துவிட்டு ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை மட்டும் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஆகவே, விசுவாசத்தில் என்னோடு நடக்கிறவர்களே, ஒரு களைத்த மனிதன் எழுதுவதைச் சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலையை முப்பத்தொரு வருடம் செய்தவன் நான். என் வேலைக்காலம் முடிந்த அதே வருடத்தில் என் மனைவி பாக்கியம் மழையில் வழுக்கி, மலைச்சரிவில் விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவருடைய பெயராவது வேலைப் பதிவில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் லயத்து வீட்டைத் தோட்டத்திற்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். கொழுந்து பறித்துவந்த பாக்கியத்தின் பெயரையும் நீக்கிவிட்டதால், எங்கள் மூவரில் ஒருவர் பெயரும் அப்போது பதிவில் இல்லை. எங்கள் ஒரே மகள் ஜெயசீலி உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கொழுந்து பறிக்கப் பதிந்துவிடு என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். நான் இணங்கவில்லை. நிர்வாகம் வழக்குத் தொடர்ந்தது.

வழக்கு நாளில் பாக்கியத்தால் எழுந்து நடக்க முடியவில்லை. பள்ளியில் சிங்களமும் கற்றிருந்த மகள் சீருடையோடு எனக்குத் துணையாக வந்து பின்வரிசையில் இருந்தாள். மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. நீதவான் சிங்களத்தில் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். நீதிமன்றச் சிங்களம் தெரியாது. வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது தோட்டத்துத் துரைக்கு முன்னால் எப்படி நிற்பேனோ, அப்படியே தலையைக் குனிந்து, “ஆமாங்க” என்றேன். அந்தச் சொல் எந்த மொழிக்காரருக்கும் விளங்கிவிடும். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். காரியம் நல்லபடியாக முடிந்ததென்றே எண்ணி வெளியே வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அப்பா, அவரு என்னா கேட்டாருன்னு உங்களுக்கு வெளங்குச்சா?”

“வெளங்கல பாப்பா.”

“மூணு மாசத்துல வீட்ட விட்டுப் போக சம்மதமான்னு கேட்டாரு. நீங்க ஆமாங்கன்னுட்டீங்க. வெளங்கலேன்னு சொல்லியிருக்கலாமேப்பா.”

“பெரிய மனுசங்க கேக்குறப்ப எப்புடி பாப்பா அப்புடிச் சொல்றது?”

அவள் மடியிலிருந்த வழக்குத் தாளை எடுத்து மறுபடி வாசித்தாள்.

செய்தி எங்களுக்கு முன்பே லயத்திற்கு வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், என் மைத்துனர் முறை, வாசலிலேயே கேலியாக, “என்னா மச்சான், தொர வந்து கேக்குறதுக்கு முந்தி நீயே சாவியக் குடுத்துட்டியாமே?” என்றார். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே போனபோது ஜெயசீலி சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்த் தன் பெயரைப் பதிந்துவிடப் போவதாகத் தாயிடம் சொல்லிவிட்டாள். பாக்கியம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் மலையில் இருக்கும் வேளையில், ஆளில்லாத ஜெபவீட்டிற்குப் போனேன். சிறுவயது முதல் ஜெபித்து வந்தவன் நான். ஆனாலும் ஆண்டவர் முன்னிலையிலும் பெரட்டில் நிற்பதுபோலத்தான் நின்றிருக்கிறேன். எது வந்தாலும் தலைகுனிந்து ஒப்புக்கொள்வதே பக்தி என்று இருந்தேன். அன்றைக்கு முழங்காலில் நின்றபோது வழக்கமான வார்த்தை ஒன்றும் வரவில்லை. “எனக்கு வெளங்கலைங்க ஆண்டவரே. எதுக்கு இதெல்லாம்னு வெளங்கலைங்க,” என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.

குரலொன்றும் கேட்கவில்லை. தரிசனமொன்றும் காணவில்லை. வீட்டுக்கு வந்தேன். மகள் படியில் அமர்ந்து நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். தன் தகப்பனுக்குக் கேள்வி விளங்கவில்லை, விளங்காமல் சம்மதித்தார் என்று தமிழில் எழுதி, என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள். முந்தின நாளாயிருந்தால் பயத்தில் அதைக் கிழித்திருப்பேன். ஆனால் சற்று முன்புதான் ஆண்டவரிடமே விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். நீதவானிடம் சொல்ல ஏன் நடுங்கவேண்டும்? கையெழுத்துப் போட்டேன்.

நீதிமன்றத்தில் அந்தக் கடிதத்தை ஏற்கவில்லை. சட்டத்தரணி மூலம்தான் வரவேண்டும் என்றார்கள். விறாந்தையில் மகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததை, வழக்காடும் கறுப்புக் கோட்டணிந்த ஒரு சிங்களச் சட்டத்தரணி அம்மையார் நின்று பார்த்தார். கடிதத்தைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டார். அங்கேயே எங்கள் வழக்கை எடுத்துக்கொண்டார். அவரை அங்கே நிறுத்தியவர் யாரென்று எனக்குச் சந்தேகமேயில்லை.

அடுத்த தவணையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நீதவான் கேட்டார், அவர் தமிழில் சொன்னார். சட்டத் தமிழும் எனக்கு எட்டவில்லை. பழைய வார்த்தை நாவின் நுனிவரை வந்தது. பின்வரிசையில் இருந்த மகளைப் பார்த்தேன்.

“வெளங்கலைங்க ஐயா,” என்றேன்.

யாரும் என்னை ஏசவில்லை. நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டு, எளிமையாகச் சொல்லும்படி கட்டளையிட்டார். முன்னைய சம்மதம் அன்றே நீக்கப்பட்டது. ஒரு வருடத்திற்கு மேல் இழுபட்டபின், குணமானதும் பாக்கியம் வேலைக்குத் திரும்புவாள் என்ற இணக்கத்தில் நிர்வாகம் வழக்கைக் கைவிட்டது. வீடு தங்கியது. மகளின் பெயர் பதிவில் ஏறவில்லை.

தான் சட்டம் படிக்கப் போவதாக ஜெயசீலி சொன்னது, சம்மதம் நீக்கப்பட்ட அந்த நாளில், அதே பஸ்ஸில்தான். அது எளிதாக நடந்துவிடவில்லை. நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தவறினாள். மூன்றாம் முறை தேறும்வரை தோட்டத்துச் சிறுவர் பாடசாலையில் கற்பித்தாள். கொரோனாக் காலத்தில் சிக்னல் கிடைப்பதற்காகத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேறி, குடை பிடித்தபடி, கைத்தொலைபேசியில் பாடம் கேட்டாள். அத்தனை வருடமும் என் மனைவி ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து மலையேறிக் கொழுந்து பறித்தாள். அந்த நடையைப் பார்க்கச் சகியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலைகள் அநேகம். இதையும் சாட்சியில் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று என் மகள் பதுளையில் சட்டத்தரணியாக இருக்கிறாள். சென்ற மாதம் அவளுடைய அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தோட்டத்து அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஜெயசீலி பேனையைக் கீழே வைத்தாள்.

“ஆமாங்கறத விடுங்க பெரியம்மா. வெளங்குச்சா, வெளங்கலையா?”

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டாமல் இருந்தேன்.

எங்கள் கூரை இன்னும் ஒழுகுகிறது. பாக்கியத்தால் இப்போது நெடுநேரம் நிற்க முடிவதில்லை. அவளுடைய கால் ஏன் அந்த விலையைக் கொடுக்கவேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆண்டவரிடம் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நன்றியையும் சேர்த்தே சொல்கிறேன். பாரம் சுமந்து, வாயடைத்து நிற்கிறவர்களே, நீங்களும் அவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விளங்கவில்லை என்று சொன்னதற்காக அவர் என்னைத் தம்முடைய வீட்டைவிட்டு அனுப்பவில்லை. உங்களையும் அனுப்பமாட்டார்.