சாய்ஸில் விட்ட பாட்டு

செவ்வந்திக்கு நாற்பத்தொரு வயது. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். பீக்கர் கழுவிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சங்கப் பாட்டு படிப்பாள். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. பலாப்பழம் தின்கிறவனிடம் காரணம் கேட்டால் அவன்தான் என்ன சொல்வான்?

வினை அங்கேதான் ஆரம்பித்தது. "இத்தனை ஆசையா படிக்கறீங்க, கரஸ்ல பி.ஏ. தமிழ் முடிச்சா ஆபீஸ் வேலைக்கே எழுதிப் போடலாமுங்க," என்று ஹெட்கிளார்க் லட்சுமணசாமி ஏற்றிவிட்டார். சேர்ந்தாள். எல்லாப் பேப்பரும் தேறியது, செய்யுள் பேப்பரைத் தவிர. ஆசைப்பட்டுப் படித்ததில் போய் இரண்டு தடவை அரியர்! பாட்டைப் பார்த்து உருகத் தெரிந்தவளுக்கு உட்தலைப்புப் போட்டு எழுதத் தெரியவில்லை.

இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் ஆபீஸ் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நோட்ஸ் வாங்கி நெட்டுருப் போட்டாள். போடப் போட ஒவ்வொரு பாட்டும் சப்பென்று ஆனது. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு பாட்டுதான் மிச்சமிருந்தது. போனவன் திரும்புமுன் வந்துவிட்ட மழையை ஒரு பெண் திட்டுகிற பாட்டு. புருஷன் கதிரேசன் லாரியில் வடக்கே போய்விடுகிற நாட்களில் அவளுக்கு அதுதான் துணை.

"ஏனுங்க, இதையும் நோட்ஸ்ல படிச்சா இதுவும் போயிருமுங்க," என்றாள், லோடு இறக்கிவிட்டு வந்திருந்த கதிரேசனிடம்.

"அப்படின்னா சாய்ஸ்ல உட்டுரு புள்ள. இதுக்குப் போயி யாராச்சும் கண்ணைக் கசக்குவாங்களா?"

விட்டுவிட்டாள்.

தேர்வன்று கேள்வித்தாளைப் புரட்டினால், கடைசியில் கட்டாய வினா. அதே பாட்டு. பதினைந்து மதிப்பெண். விட்டால் தேறமாட்டோம் என்பது நன்றாகவே தெரிந்தது. மற்றதையெல்லாம் எழுதி முடித்தும் அதைத் தொடக் கை வரவில்லை. அரைமணி நேரந்தான் பாக்கி என்று ஹாலைக் கண்காணித்த மேடம் குரல் கொடுத்ததும் பேனாவை எடுத்தாள். அந்தப் பாட்டுக்கு அவள் நோட்ஸ் படிக்கவில்லைதான். ஆனால் இருபது பாட்டை அறுத்துப் பழகிய கை இருபத்தொன்றாவதுக்குத் தயங்குமா? முன்னுரை, திணை விளக்கம், உவமை நயம் என்று தானே கூறு போட்டாள். ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டாள்.

பாஸ். ஆபீஸ் வேலையும் கிடைத்தது.

கதிரேசன் அரைக்கிலோ மைசூர்பாவோடு வந்தான். "என்னமோ மழைப் பாட்டும்பியே, அதைச் சொல்லு, நானும் கேக்கறேன்," என்றான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு பாட்டைச் சொல்லச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

செவ்வந்திக்கு ஒரே பூரிப்பு. வாயைத் திறந்தாள். "இப்பாடல் முல்லைத் திணையைச் சார்ந்தது," என்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முயன்றாள். "இது தலைவி கூற்றாக அமைந்துள்ளது."

"நல்லாத்தான இருக்குது. மேல சொல்லு புள்ள," என்றான் கதிரேசன், இன்னொரு துண்டை எடுத்தபடி.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முழுப் பதிலையும் ஒப்பித்து முடித்தாள்.