குரோசுமேயின் உள்ளே ஆள் இல்லை

மிட்சுயோ அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைத்தான் நாலு அறை அறைய வேண்டும். "பத்தே நிமிஷம்தானே அக்கா" என்று சொன்ன வாய் இந்த வாய்தான்.

ஒசாகா கடலோரத்தில் ஒரு வீடியோ கேம் கம்பெனியின் கேளிக்கைப் பூங்கா. அங்கே இருபத்தோரு வருஷமாக அக்காவுக்கு வேலை, குரோசுமே என்ற கேம் பாத்திரத்தின் வேஷத்துக்குள் இருப்பது. கருப்பு அங்கி, இரண்டு கொம்பு, முழங்கை நீளத்துக்கு நகம். அந்த உடுப்பை ஐந்தே முக்கால் அடி ஆளுக்குத் தைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பஞ்சாலை அணிக்குக் கைப்பந்து ஆடிய மிட்சுயோ அக்காவுக்கு அது அளவெடுத்தது போல் பொருந்திப்போனது. அதுதான் அவள் தலையெழுத்து. என் வேலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவது. உள்ளே இருப்பவருக்கு முன்னால் ஒரு சாண்தான் தெரியும். பேசவும் கூடாது. எனவே பேச்செல்லாம் நான்தான். "குரோசுமே சந்தோஷப்படறார்", "குரோசுமேவுக்குக் கோபம் வந்துடுச்சு, ஓடுங்க!" அவள் என் உள்ளங்கையை ஒருமுறை அழுத்தினால் 'சரி', இரண்டு முறை அழுத்தினால் 'போதும், கூட்டிப்போ' என்று அர்த்தம்.

குரோசுமே வில்லன். கதாநாயகன் பிக்கோ ஓர் அணில். ஆனால் பூங்காவில் வந்து பாருங்கள், பிக்கோ முன்னால் பத்துப் பேர், குரோசுமே முன்னால் பாலம் வரை வரிசை. அதிலும் பாதி நாற்பது வயது தாண்டிய ஆபீஸ் ஆட்கள். முதல் விளையாட்டைச் செய்தபோது, வில்லன் செத்து விழுகிற படத்தை வைக்க கேமின் நினைவகத்தில் இடம் மிச்சமில்லையாம். அவன் அறிமுகமாகும்போது குனிந்து வணக்கம் சொல்கிற படத்தையே கடைசியிலும் போட்டுவிட்டார்கள். ஆக, தோற்றவன் சாகவில்லை. அங்கியைத் தட்டிவிட்டு, குனிந்து வணங்கி, நடந்து போய்விட்டான். அடுத்த விளையாட்டில் திரும்ப வந்தான், திரும்பத் தோற்றான், திரும்ப வணங்கினான். முப்பத்தேழு வருஷமாக இதே கதை. ஜெயிக்கிறவனைப் பார்த்து யாருக்கு என்ன ஆறுதல்? திங்கட்கிழமை மேலதிகாரியிடம் திட்டு வாங்கிவிட்டு செவ்வாய்க்கிழமை அதே நாற்காலியில் போய் உட்காருகிறவனுக்கு இவன்தான் சொந்தக்காரன்.

அந்த வணக்கத்தை அக்கா மாதிரி யாரும் செய்ததில்லை. அதுவே வினையாகிப்போனது. முழங்கால் தேய்ந்து, மூன்று தடவை வேறு வேலை கேட்டாள். ஒரு மாதம் தோயாமா என்ற பையனை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். ரசிகர்கள் கண்டுபிடித்துக் கடிதமாக எழுதித் தள்ளிவிட்டார்கள். "உங்கள விட்டா யாரு மிட்சுயோ சான்?" என்று மேனேஜர் குழைந்தார். அத்தோடு முடிந்தது.

எங்கள் வேலையில் சட்டம் ஒன்றுதான்: உள்ளே ஆள் இல்லை. பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். புருஷன் போன பிறகு தனியாக வளர்த்த மகன் யசுகியிடம், பூங்காவில் துணி துவைக்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். பள்ளி விளையாட்டு விழா ஞாயிற்றுக்கிழமைதானே வரும்? ஞாயிற்றுக்கிழமைதானே பூங்காவில் கூட்டம்? ஒரு விழாவுக்கும் அவளால் போக முடிந்ததில்லை. துணி துவைக்கிறவளுக்கு ஞாயிறு லீவு கிடையாதா என்று அவன் கேட்டுக் கேட்டு, ஒரு வயதுக்கு மேல் கேட்பதையே விட்டுவிட்டான்.

போன வருஷம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவளிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "அன்னிக்கு மட்டும் உன் நாற்காலில உக்காந்திரும்மா. எழுந்து போயிடாத." சத்தியம் பண்ணிக் கொடுத்தேன் என்று அடுத்த நாள் என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள்.

விதி எங்கே விட்டது? பெண் நாஹோ, குரோசுமே பைத்தியம். விருந்து நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் உடை மாற்றிக்கொண்டு வரும்போது குரோசுமே கூட வரவேண்டுமென்று எங்கள் கம்பெனியிலேயே பதிவு செய்துவிட்டாள். தோயாமா போவதாக ஏற்பாடு. இரண்டு நாள் முன்னால் அவன் முதுகு பிடித்துப் படுத்துவிட்டான்.

"ரத்து பண்ணிடச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு மூணு மாசமா நாள் எண்ணிட்டு இருக்கா தம்பி."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். ஒன்னே முக்காலுக்கு அவங்க உடை மாத்தப் போவாங்க. அப்ப நீங்களும் நழுவிடுங்க. ரெண்டு மணிக்கு மேடை, பத்தே நிமிஷம். ரெண்டேகாலுக்குத் திரும்ப நாற்காலில. கல்யாண மண்டபத்துல நிமிஷம் பிசகுமா அக்கா? நேரம் போட்டு அட்டையே அடிச்சுக் கொடுத்திருக்காங்க."

அந்த அட்டையைத்தான் நம்பினோம். மாப்பிள்ளையின் தாய் உடுத்த வேண்டிய, குடும்ப முத்திரை போட்ட கருப்புக் கிமோனோவைக்கூட அவள் விட்டுவிட்டாள். அதை அவிழ்த்துத் திரும்பக் கட்ட அரை மணி நேரமாகும். சாதாரணக் கருப்பு கவுனில் வந்து நின்றாள்.

"பையன் கல்யாணத்துக்கு இப்படியா வருவ? துக்கத்துக்கு வந்தவ மாதிரி!" என்று நாத்தனார் சாப்பாட்டு மேஜையிலேயே குத்தினாள். அக்கா சிரித்துச் சமாளித்தாள்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. நாஹோ ஒரு பக்கம், யசுகி ஒரு பக்கம், நடுவில் குரோசுமே. மண்டபமே எழுந்து நின்றுவிட்டது. மேஜை மேஜையாகப் படம் எடுத்தார்கள். பெண்ணின் மேலதிகாரி ஒருவர், தொப்பையும் வழுக்கையுமாக, "வணக்கம் ஒண்ணு! ஒரே ஒரு வணக்கம்!" என்று கெஞ்சினார். அக்கா முழங்கால் வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பத்து. இரண்டு இருபது. என் உள்ளங்கையில் இரண்டு அழுத்தம்.

"குரோசுமேவுக்குக் கோட்டைல அவசர வேலை!" என்று குரல் கொடுத்தேன்.

"ஐயோ, விடவே மாட்டேன்!" நாஹோ அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "நான் கடிதம் படிக்கிற வரைக்கும் இருக்கணும். ப்ளீஸ் அண்ணா, அவர்கிட்ட சொல்லுங்க!"

திரும்ப இரண்டு அழுத்தம். திரும்ப இரண்டு. நான் என்ன செய்ய? அத்தனை பேர் முன்னால் பெண்ணின் கையைப் பிடுங்கி எறியவா? அந்தத் தலையைக் கழற்றவா? மேடையில் அசடு வழிய நின்றேன். நிகழ்ச்சி நடத்துகிறவள் அதற்குள் விளக்கைக் குறைத்துவிட்டாள்.

நாஹோ பெற்றோருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தாள். நடுவில் இப்படி வந்தது. "வேலை போனப்ப ரெண்டு வருஷம் நான் ரூம விட்டு வெளிய வரல. அம்மா கதவுக்கு வெளிய சாப்பாடு வச்சீங்க. உள்ள நான் குரோசுமேகூடவே விளையாடிட்டு இருந்தேன். தோத்தாலும் வணக்கம் சொல்லிட்டு நடந்து போறாரே, அதப் பாத்துதான் ஒருநாள் கதவத் தொறந்தேன். எனக்கு முப்பது வயசாச்சு. ஆனா இவருக்குள்ள வேற யாரோ இருக்காங்கன்னு நினைக்க இப்பவும் எனக்குப் பிடிக்கல." எல்லாரும் அழுதார்கள்.

அடுத்து மாப்பிள்ளையின் முறை. பிறந்தபோது பிள்ளை என்ன எடை இருந்தானோ அதே எடைக்கு அரிசிப் பை செய்து, பெயரும் தேதியும் எழுதி, தாயின் கையில் கொடுப்பது இப்போதெல்லாம் வழக்கம். யசுகி பையை ஏந்திக்கொண்டு திரும்பினான். நாற்காலி காலி.

நிகழ்ச்சி நடத்துகிறவள் கதவைப் பார்த்தாள். எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். நாத்தனார் "இன்னிக்காவது உக்காந்தாளா பாத்தீங்களா?" என்று சத்தமாகவே சொன்னாள். யசுகி மைக்கை வாங்கினான்.

"எங்கம்மாவுக்கு ஞாயித்துக்கிழமைன்னா அவசர வேலை வந்துடும். இன்னிக்கும் வந்துடுச்சு போல." சிரிக்கிற மாதிரி சொன்னான். சிலர் சிரித்தார்கள். அவன் பையோடு நேராக எங்களிடம் வந்தான்.

"நீங்க வாங்கிக்கோங்க" என்றான் குரோசுமேயிடம். "நீங்களாவது வந்தீங்க."

அக்கா என் கையை விட்டாள். அந்த நகங்களை விரித்து, ஒரு கையைப் பைக்கு அடியிலும் ஒரு கையை மேல் பக்கமும் கொடுத்து வாங்கினாள். வாங்கி நெஞ்சோடு வைத்தாள். என்னைப் பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். இருபத்தோரு வருஷம் வாய் ஓயாமல் பேசியவன், மைக்கைத் திருப்பித் தள்ளிவிட்டேன்.

பொருள் வைக்கும் அறையில் தலையைக் கழற்றியபோது மணி மூன்றாகப் பத்து நிமிஷம். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் அழுதாளா, வியர்வையா, எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை. "சொல்லிடலாம் அக்கா. கம்பெனி நாசமாப் போகட்டும். நானே சொல்றேன்" என்றேன்.

"அந்தப் பொண்ணு சொன்னத நீயும்தானே கேட்ட?" என்று சொல்லிவிட்டுக் கவுனை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

நடைக்கூடத்தில் விருந்தினர் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். யசுகியும் நாஹோவும் மட்டும் நின்றார்கள். நாஹோ இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் உடுப்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நாலடி பின்னால் நின்றேன்.

"மன்னிச்சிருடா. வேலைல கூப்பிட்டுட்டாங்க." மிட்சுயோ மகன் முன்னால் குனிந்தாள்.

"தெரியும்மா. விடு." அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது. "உனக்குத் தர வேண்டியத அவருக்குக் கொடுத்துட்டேன்."

"நீங்க பாத்திருக்கணும் அத்தை!" என்றாள் நாஹோ. "அப்படியே கொழந்தையத் தூக்கற மாதிரி! கழுத்துக்கு அடில கைய வச்சு!"

நான் வாயைத் திறந்தேன். மிட்சுயோ திரும்பி என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"அப்படியா" என்றாள். பிறகு, "கனமா இருந்திருக்குமே" என்றாள்.

"மூணு கிலோ எரநூத்தி நாப்பது கிராம்" என்றான் யசுகி. "நீ மறந்திருப்ப."

"இல்லடா" என்றாள் மிட்சுயோ.