மூன்று தையல்

அக்கா மகளின் கல்யாணத்துக்கு வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். தோழிகள், சித்திகள் எல்லோருக்கும் ஒரே நிறச் சேலையாம். ஜாக்கெட்டுக்குப் படிவமும் வந்தது. மார்பு எத்தனை அங்குலம், இடுப்பு எத்தனை அங்குலம்? அளந்து பார்த்தேன், முதலில் டேப் மேல்தான் சந்தேகம் வந்தது. ஆனாலும் வந்த எண்ணையே எழுதி அனுப்பினேன். இந்த விஷயத்தில் பொய் சொல்லி நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.

அப்போது குரோம்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. பக்கத்து மேசை ஸ்டெல்லா. அவள் கல்யாணத்தில் தோழிப்பெண்களாகச் சர்ச்சில் நிற்க மூன்று பேர்: அவளுடைய இரண்டு தங்கைகள், கூடவே நான். தாம்பரம் மார்க்கெட்டில் வெங்காயச் சருகு நிறத்தில் சேலை பார்த்தோம். அந்த நிறம் எனக்கு எடுக்காது என்று கடைக்காரர் உட்பட எல்லோரும் சொன்னார்கள். ஸ்டெல்லா அதை என் தோளில் போட்டுப் பார்த்து, "இதான்டி. மூணு எடு" என்றாள்.

தைக்கக் கொடுத்தது அஸ்தினாபுரத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டிருந்த சுசீலா அக்காவிடம். மெஷின் எண்ணெயும் மல்லிப்பூவும் கலந்து மணக்கிற அறை. அவர் டேப் வைத்து அளக்க மாட்டார். போட்டுப் பழகிய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்ததே மூன்று. மூன்றும் அக்குளில் வெளுத்தவை, ஒன்றில் ஒட்டுப் போட்டிருந்தது. ஸ்டெல்லாவின் தங்கைகள் முன்னால் அதை எடுத்து வைக்க மனம் வரவில்லை. மாடி வீட்டு லதா அக்காவின் பட்டு ஜாக்கெட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். லதா அக்கா முருங்கைக்காய். நான் அன்றைக்கே பூசணி வகை.

சுசீலா அக்கா ஜாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன்னுதாம்மா?"

"ஆமாக்கா."

"சரி, வச்சிட்டுப் போ."

ஜாக்கெட்டுகள் கல்யாணத்தன்று காலையில்தான் வந்தன. ஸ்டெல்லா வீட்டு அறையில் போட்டுப் பார்த்தேன். கொக்கி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம். வாசலில் கார் ஹாரன் அடித்தது. இரவல் விஷயம் தெரிந்துவிடுமே என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"தலை சுத்துதுடி. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றேன்.

வெள்ளைச் சேலையும் தலையில் நெட் முக்காடுமாக இருந்த ஸ்டெல்லா கதவைச் சாத்தினாள். "கழட்டிக் குடு."

உள்பக்கம் திருப்பினாள். பக்கவாட்டில், ஒவ்வொன்றாகப் பிரித்தால் அளவு கூடும்படி வரிசையாக மூன்று தையல், அதற்கு வெளியே தாராளமாக மடித்துவிட்ட துணி. என்னைப் பார்த்ததுமே சுசீலா அக்கா எல்லாம் புரிந்துகொண்டிருக்கிறார். கல்யாணப்பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பிளேடால் உள்தையலைப் பிரித்தாள். கொக்கி மாட்டியது. "தலைசுத்தல் போச்சா? வா" என்றாள். ஏன், எப்படி என்று அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரையிலும் கேட்கவில்லை. அந்த இரண்டு பேருக்கும் நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

இரண்டாவது தையலை என் மகன் பிறந்த பிறகு நானே பிரித்தேன். மூன்றாவது இன்னும் அப்படியே இருக்கிறது, ஜாக்கெட்தான் என் மேல் ஏறாது.

சுசீலா அக்கா இப்போது இல்லை. அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. நேற்று கூரியரில் புது ஜாக்கெட் வந்தது. கச்சிதமாகத்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் உள்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தேன். ஒரே தையல், அதை ஒட்டியே துணியை வெட்டியிருந்தார்கள்.