அத்தான் சொல்லித்தந்த பிரெஞ்சு

எங்கள் வீடு கூட்டும் தும்புத்தடியின் பெயர் பலே. வாளி, ஸோ. கத்தி, கூத்தோ. அக்கா ஒவ்வொன்றிலும் தமிழ் எழுத்தில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தாள். பிரெஞ்சு எழுத்துக் கூட்டல் எங்களில் யாருக்குத் தெரியும்? பாரிஸிலிருந்து அத்தான் கசெற்றில் பேசி அனுப்புவதைக் காதால் கேட்டு எழுதினோம். ஒரு சொல்லுக்காக நாடாவைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குச் சுழற்ற வேண்டும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அக்கா சலிக்கவே மாட்டாள். விசா கிடைத்து அத்தானிடம் போய்ச் சேரும்போது ஊமை மாதிரி நிற்கக்கூடாது என்பது அவள் எண்ணம்.

அத்தான் கண்டியில் ஒரு கம்பனியில் கணக்கு எழுதியவர். கலவரத்தில் அவரும் அக்காவும் குடியிருந்த வீட்டை எரித்த பிறகு அந்த வேலைக்குத் திரும்பிப் போக அவருக்கு மனம் வரவில்லை. அக்காவை அப்பாவிடம் விட்டுவிட்டு வெளிக்கிட்டார். பாரிஸிலும் கணக்கு வேலைதான் என்று எழுதினார். அப்பா அதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். அரசாங்க உத்தியோகத்துக்கென்று கண்டிக்கு வந்து அங்கேயே ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து மனிதர். மருமகனுக்கு ஒரு மேசையும் கதிரையும் இருப்பது அவருக்குப் பெரிய ஆறுதல். அம்மா இல்லாத அந்த வீட்டில் வேறு என்ன ஆறுதல் இருந்தது?

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கட்டிலுக்கும் தலையணைக்கும் கண்ணாடிக்கும் சொல் வரவேயில்லை. கேட்டால் "அடுத்த கசெற்றில சொல்லுறன்" என்பார். சட்டி பானைக்கு மட்டும் குறைவில்லை.

நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் பொலிஸார் எங்கள் கதவைத் தட்டுவார்கள். அந்த முறை வந்தவர்கள் துண்டுகளைக் கண்டுவிட்டார்கள். கூட வந்த முஸ்லிம் கொன்ஸ்டபிளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். குசினியில் நின்று ஒவ்வொன்றாக வாசித்தார்.

"எழுத்து நம்மட எழுத்துத்தான் தங்கச்சி. ஆனா ஒன்னும் வெளங்குதில்லயே?"

பிரெஞ்சு என்று அக்கா சொன்னாள். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. தமிழ் எழுத்தில் தமிழல்லாத ஒன்று என்றால் அவரைப் பொறுத்தவரை அது இரகசியப் பாஷைதான். எது எதில் ஒட்டியிருந்தது என்று பின்பக்கம் குறித்து, துண்டுகளை உரித்தெடுத்துக்கொண்டு எங்கள் மூவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அக்காவைப் பிடித்து வைத்தால் எங்கே வைப்பார்கள், எப்போது விடுவார்கள் என்று கேட்க நாதியில்லாத காலம் அது.

பொலிஸில் அவளுடைய வாக்குமூலத்தை எழுதினார்கள். கணவர் எங்கே? பாரிஸில். என்ன வேலை? கணக்கு வேலை. பிறகு கடுகண்ணாவையிலிருந்து வயதான பறங்கிப் பெண்மணி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கொன்வென்டில் பிரெஞ்சு படிப்பித்தவராம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே கொன்ஸ்டபிள் துண்டுகளைப் பார்த்து உரக்க வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேறொரு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"பிரெஞ்சுதான்" என்றார் சிங்களத்தில். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு கொன்ஸ்டபிள் 'ப்லோன்ஜ்' என்று வாசித்தார். அது எதில் ஒட்டியிருந்தது என்று அம்மையார் கேட்டார். பாத்திரம் கழுவும் தொட்டியில் என்றார்கள்.

"வீட்டில் அதற்கு எவியே என்பார்கள். இது ஹோட்டல் குசினியில் கோப்பைகளைக் குவித்துப் போட்டுக் கழுவுகிற இடம். மற்றச் சொற்களும் அப்படித்தான். சொல்லிக்கொடுத்தவர் அங்கே வேலை செய்கிறவர் போலிருக்கிறது."

உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தின் மேல் விரலை வைத்தார். "கணக்கு வேலை என்றாயே. அப்போ எது பொய்?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். என்னால் சத்தியம் செய்ய முடியும். அவள் முகம் எனக்குத் தெரியாததா? ஆனால் தெரியாது என்று சொன்னால் சந்தேகம் இன்னும் கூடும். தடுமாறாமல் சிங்களத்தில் சொன்னாள்: "அவர் கோப்பை கழுவுகிறார் ஐயா. எனக்கு முதலே தெரியும். வெட்கத்தில் மாற்றிச் சொன்னேன்."

பின்னேரம் விட்டார்கள். பேனை பிடித்த அத்தானின் கைகளை நினைக்க எனக்கு அழுகையாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, அத்தானை மனதில் வைத்து, "தம்பிக்கு இதொண்டும் எழுதாத பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அக்கா அன்றைக்கே புதுக் கசெற் ஒன்றை எடுத்தாள். அவருக்குப் பேசி அனுப்பும்போது என்னையும் பக்கத்தில் இருத்திக்கொள்வது வழக்கம். அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பலகைச் சுவர், எல்லாம் கேட்டது. இங்கே எல்லோரும் சுகம் என்றாள். மழை விடாமல் பெய்கிறது என்றாள். அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார் என்றாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அழுகிறாளாக்கும் என்று எழுந்தேன்.

"ஒபீஸில வேலை கூடவோ?" என்றது அவள் குரல். "ஒரேயடியாக் கதிரையிலயே இருக்காதேங்கோ. இடைக்கிடை எழும்பி நடவுங்கோ, என்ன?"